செசில் சிங்கம் விவகாரம்: ஊடகங்கள் ஒரு நிரபராதியை வேட்டையாடினவா?

கேள்வி இதுதான்: 2015இல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கத்தைக் கொன்ற அமெரிக்கப் பல் மருத்துவரை உலகமே திட்டித் தீர்த்தது. கடைசியில் அவர் மீது ஒரு வழக்குகூட வரவில்லை. அப்படியென்றால் ஊடகங்கள் ஒரு நிரபராதியை வேட்டையாடிவிட்டன என்றுதானே அர்த்தம்? படித்ததும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவர் சட்டத்தை மீறினாரா? அவர் செய்தது சரியா? அவரைப் பற்றி எழுதியவர்கள் நேர்மையாக எழுதினார்களா? மூன்றுக்கும் வெவ்வேறு பதில்கள். ஒன்றின் பதிலை எடுத்து மற்றொன்றின் மேல் ஒட்டியதுதான் அன்று நடந்த தவறு. இன்று ‘நிரபராதி’ என்ற சொல்லை எடுத்து ஒட்டினாலும் அதே தவறுதான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். ஏஜென்சிகள் ஆங்கிலத்தில் அனுப்பும் செய்திகளைத் தமிழாக்கி, தலைப்பு போட்டு, பக்கத்தில் ஏற்றுவது என் வேலை. 2015 ஜூலை கடைசி வாரத்தில் இரவு ஷிஃப்ட்டில் இருந்தேன். செசில் செய்தி என் கை வழியாகத்தான் போனது. ஆகவே வெளியில் நின்று தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வனவிலங்கு அறிவியலும் நான் படித்ததில்லை. சிங்கங்களைப் பற்றி இங்கே எழுதுவது ஆய்வாளர்கள் வெளியிட்டவற்றிலிருந்து தெரிந்துகொண்டது. செய்தி எப்படித் தயாரானது என்று எழுதுவது மட்டும் நானே செய்த வேலை.

முதலில், யாரும் மறுக்காத விஷயங்கள். செசில் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவில் வாழ்ந்த, கரும்பிடரி கொண்ட ஆண் சிங்கம். சுமார் 13 வயது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999 முதல் அங்கே சிங்கங்களைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். செசிலின் கழுத்தில் 2008 முதல், இருக்கும் இடத்தைக் காட்டும் அவர்களுடைய கருவிப் பட்டை இருந்தது. மனிதர்களைக் கண்டு ஒதுங்காத சிங்கம் என்பதால் சுற்றுலாப் பயணிகளின் படங்களில் நிறைய இடம்பிடித்தது. 2015 ஜூலை முதல் தேதி இரவு, பூங்கா எல்லைக்கு வெளியே ஒரு தனியார் நிலத்தில், இரை வைத்துக் காத்திருந்து, மினசோட்டாவைச் சேர்ந்த பல் மருத்துவர் அதை அம்பால் அடித்தார். அது உடனே சாகவில்லை. மறுநாள்தான் அதைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். அந்த வேட்டைக்கு அவர் சுமார் 50 ஆயிரம் டாலர் கொடுத்ததாக அன்றைய செய்திகள் எல்லாமே சொல்லின. அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. தேடினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பதிலுக்கு அது தேவையே இல்லை.

இனி சட்டம். கழுத்தில் பட்டை இருக்கும் சிங்கத்தைச் சுடக்கூடாது என்று ஜிம்பாப்வேயில் அப்போது சட்டம் எதுவும் இல்லை. பலர் அப்படி ஒரு சட்டம் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் கோபப்பட்டார்கள். அந்த நிலத்துக்கு அந்த ஆண்டு சிங்க வேட்டைக்கான ஒதுக்கீடு, அதாவது இத்தனை சிங்கங்களை வேட்டையாடலாம் என்ற எண்ணிக்கை, தரப்படவில்லை என்பதுதான் அதிகாரிகள் எழுப்பிய புகார். ஒதுக்கீடும் அனுமதியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது கூட்டிச் செல்லும் தொழில்முறை வேட்டை வழிகாட்டியின் பொறுப்பு. அதனால் சட்டவிரோத வேட்டையைத் தடுக்கத் தவறியதாக வழிகாட்டி மீதுதான் குற்றம் சாட்டப்பட்டது. ஜூலை இறுதியில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஓப்பா முச்சிங்குரி பல் மருத்துவரை ஜிம்பாப்வேயிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். அக்டோபரில் அதே அமைச்சர், அவருடைய ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தன, அவர் மீது வழக்கு இல்லை என்றார். 2016 நவம்பரில் வழிகாட்டி மீதான குற்றச்சாட்டையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதோடு அந்த விவகாரம் நீதிமன்றத்தில் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி, ஒதுக்கீடு இருந்ததா இல்லையா என்று விசாரித்து எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. விசாரணை அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. சட்டத்தின் கண்ணில் பல் மருத்துவர் குற்றம் சாட்டப்படாதவர். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க முடியாது. ‘சட்டவிரோதமாகக் கொன்றார்’ என்று அன்று நாங்கள் எழுதியது எப்படி ஆதாரமில்லாததோ, ‘எல்லாமே சட்டப்படிதான் நடந்தது என்று நிரூபணமாகிவிட்டது’ என்று இன்று சிலர் எழுதுவதும் அப்படியே.

சரி, ஊடகங்களுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதல் தவறு, ஆளையே மாற்றியது. சிங்கம் இறந்த செய்தி வெளியே கசிந்த முதல் நாட்களில் கொன்றவர் ஸ்பெயின் நாட்டுக்காரர் என்றுதான் செய்தி வந்தது. ஸ்பெயினில் இருந்தவர்களும் அதைப் பகிர்ந்து தங்கள் நாட்டு வேட்டைக்காரர்களைத் திட்டினார்கள். ஜூலை 28ஆம் தேதிதான் அமெரிக்கர் என்று தெரிந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் பழைய செய்தியில் ‘ஸ்பெயின்’ என்ற இடத்தில் ‘அமெரிக்கா’ என்று மாற்றி மறுபடி ஏற்றினோம். முதல் தடவை தவறாகச் சொன்ன அதே வட்டாரம்தான் இரண்டாவது தடவையும் சொல்கிறதா, இந்த முறை யார் உறுதிசெய்தார்கள் என்று டெஸ்க்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த முறை தகவல் சரியாக இருந்தது. நாங்கள் விசாரித்ததால் சரியாக இருக்கவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துவது.

அப்புறம் படம். அன்று உலகம் முழுக்கப் பரவியது, செத்த சிங்கம் ஒன்றின் பின்னால் அந்த மருத்துவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம். அதில் இருந்தது செசில் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் அவர் வேட்டையாடிய வேறொரு சிங்கம். சில ஏஜென்சிகள் படக்குறிப்பில் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தன. ஆனால் தமிழுக்கு வரும்போது படக்குறிப்புதான் முதலில் வெட்டுப்படும். இடம் போதாது, பக்கம் முடிக்கிற நேரம். படத்தில் மனிதர் சிரிக்கிறார், மேலே செசில் என்று தலைப்பு இருக்கிறது. படிக்கிறவர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது, அந்த 40 மணி நேரம். அம்பு பட்ட சிங்கம் 40 மணி நேரம் துடித்தது, பிறகு துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள் என்று ஜிம்பாப்வேயில் இருந்த ஒரு தன்னார்வ அமைப்பு சொன்னது. எல்லோரும் அதையே எழுதினோம். செப்டம்பரில் அந்த மருத்துவர் பேட்டி கொடுத்தபோது, அவ்வளவு நேரம் ஆகவில்லை, கடைசியில் கொன்றதும் அம்புதான் என்று மறுத்தார். அவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் செசிலைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் ஆண்ட்ரூ லவ்ரிட்ஜ், கழுத்துப் பட்டை அனுப்பிய இடக்குறிப்புகளையும் கிடைத்த மற்ற தகவல்களையும் வைத்து, 10 முதல் 12 மணி நேரம் இருக்கலாம் என்று பின்னர் எழுதினார். சிங்கத்தின் பக்கம் நின்றவர் அவர். மருத்துவரைக் காப்பாற்ற அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. 10 மணி நேரம் காயத்தோடு கிடப்பதும் கொடுமைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கொடுமையைச் சொல்ல 40 தேவைப்படவில்லை என்பதால்தான் அந்தத் தவறு இன்னும் வருத்தம் தருகிறது. இன்றும் பல கட்டுரைகளில் 40தான் இருக்கிறது.

நான்காவது என் கையால் நடந்தது. ஆகஸ்ட் முதல் தேதி, சனிக்கிழமை இரவு. செசிலின் சகோதரன் ஜெரிகோவும் சுட்டுக் கொல்லப்பட்டது என்று அவசரச் செய்தி வந்தது. ஆங்கிலத்தில் அண்ணன், தம்பி இரண்டுக்கும் ஒரே சொல். ‘சகோதரன்’ என்று போட்டால் தலைப்பு இறுக்கமாக இருக்காது என்று நினைத்து, ‘செசிலின் தம்பியும் கொலை’ என்று போட்டேன். மறுநாள் காலையில் ஜெரிகோவின் கழுத்துப் பட்டை வழக்கம்போல் நகர்வதை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். அது உயிரோடு இருந்தது. அதைவிட, ஜெரிகோ செசிலுக்கு அண்ணனும் அல்ல, தம்பியும் அல்ல. சொந்தமே இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் கூட்டணி சேர்ந்து பரப்பைக் காத்துவந்தன. இல்லாத உறவில், சாகாத சிங்கத்துக்கு வயதுவரிசை வேறு வைத்திருக்கிறேன். அடுத்த நாள் உள்பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் வந்தது. அதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஜெரிகோ 2016 அக்டோபரில் இயற்கையாக இறந்தது. செசிலின் குட்டிகளை ஜெரிகோ கொன்றுவிடும் என்றும் அந்த வாரம் எழுதினோம். அதுவும் நடக்கவில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு பொறுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். நம் மொழியில் வினைமுற்றின் கடைசி எழுத்திலேயே தீர்ப்பு எழுதிவிட முடியும். ‘கொன்றார்’ என்றால் அவர் இன்னும் நம்மில் ஒருவர். ‘கொன்றான்’ என்று எழுதிய கணமே குற்றவாளி. அந்த வாரம் தமிழில் வந்தவற்றைப் பிறகு ஒருநாள் உட்கார்ந்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். ‘செசில் தன் குட்டிகளைப் பிரிந்தான்’, ‘கம்பீரமாக வலம் வந்தான்’ என்று சிங்கம் உயர்திணையாகியிருந்தது. மருத்துவருக்கோ ‘ஆர்’ போய் ‘ஆன்’ வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் உள்ளே ‘கொன்றார்’ என்றுதான் இருந்தது, அது எங்கள் நடைவிதி. ஆனால் தலைப்பில் ‘கொடூரன்’ என்ற சொல் இருந்தது. அதற்கு ஒப்புதல் கொடுத்தவன் நான்தான். ஒரு சிங்கத்தை ‘அவன்’ என்று அன்போடு எழுதுவதில் தவறு இல்லை. ஆனால் அதே பக்கத்தில் ஒரு மனிதரின் ‘ஆர்’ விகுதியைப் பிடுங்கும்போது, வாதம் எதுவும் வைக்காமலேயே வாசகரை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறோம்.

இவையெல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்பது தெரிந்ததுதான். மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடியது. கதவில் பொம்மைச் சிங்கங்களைக் குவித்தார்கள். வாடிக்கையாளர் கருத்து எழுதும் தளங்களில், அவரிடம் பல்லையே காட்டாத ஆயிரக்கணக்கானோர் வந்து வசைபாடினார்கள். மருத்துவமனை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. ஃபுளோரிடாவில் இருந்த அவருடைய விடுமுறை வீட்டுக் கதவில் பெயின்ட் அடித்து, வாசலில் பன்றிக்கால்களை வீசிவிட்டுப் போனார்கள். குடும்பத்துக்கு மிரட்டல்கள் வந்தன. பெரிய விலங்குரிமை அமைப்பு ஒன்றின் தலைவர், அவரைத் தூக்கில் போட்டால் நல்லது என்கிற அளவுக்கு அறிக்கை விட்டார். மருத்துவமனையில் வேலை பார்த்த ஊழியர்கள் எந்தச் சிங்கத்தையும் கொல்லவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டு விழுந்தது. இதில் நியாயம் இருந்ததாக எந்தக் கோணத்திலும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஊடகம் தோண்டியது எல்லாமே அநியாயம் என்றும் சொல்ல மாட்டேன். 2006இல் விஸ்கான்சினில் ஒரு கருங்கரடியை அனுமதி இல்லாத பகுதியில் கொன்றுவிட்டு, அதைப் பற்றி அதிகாரிகளிடம் பொய் சொன்னதாக 2008இல் அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலருக்குச் சற்றுக் குறைவான அபராதமும் விதித்தார்கள். ‘எல்லாம் சட்டப்படி இருக்கிறது என்று வழிகாட்டிகளை நம்பினேன், அது பெயர்பெற்ற சிங்கம் என்பது கடைசிவரை தெரியாது’ என்ற பொருளில் அவர் அறிக்கை விட்டபோது, அந்தப் பழைய வழக்கைக் கொண்டுவந்து வாசகர் முன் வைத்தது சரியான செய்தியாளர் வேலை. அது நீதிமன்ற ஆவணம், இந்த விஷயத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அவருடைய அறிக்கையையும் பெரும்பாலான பெரிய நாளிதழ்கள் வெளியிட்டன. அவர் வீடு எங்கே இருக்கிறது, பிள்ளைகள் யார் என்பதெல்லாம் அப்படியல்ல. அது தெரிந்து வாசகர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதைச் சிலர் செய்தும்விட்டார்கள்.

மக்கள் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை முட்டாள்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பணம் கொடுத்து, இரை வைத்து, சுவரில் மாட்டும் தலைக்காக ஒரு உயிரைக் கொல்வது அருவருப்பானது என்று ஒருவர் நினைத்தால், அதற்கு அவர் உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஜூலை 28 இரவு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் நிகழ்ச்சியில் குரல் தழுதழுக்கப் பேசிவிட்டு, ஆக்ஸ்போர்டு ஆய்வுக் குழுவுக்கு நன்கொடை தாருங்கள் என்றார். சில வாரங்களில் சுமார் பத்து லட்சம் டாலர் அளவுக்குச் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி சின்னச் சின்னத் தொகையாக, சாதாரண மனிதர்கள் அனுப்பியது. அந்தக் குழுவே பிறகு ஊடகப் பதிவுகளை எண்ணிப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டது. ஜூலை 29 ஒரே நாளில் செசில் பற்றி உலக ஊடகங்களில் சுமார் 12 ஆயிரம் செய்திகள், சமூக ஊடகங்களில் 87 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். பெயர் இருந்தது, படங்கள் இருந்தன, கழுத்தில் பட்டை இருந்தது, கொன்றவர் பணக்காரர், அதுவும் பல் மருத்துவர். பெயரில்லாத ஒரு சிங்கம் கண்ணியில் கழுத்து மாட்டிச் செத்திருந்தால் ஒரு வரிகூட வந்திருக்காது. எங்கள் டெஸ்க்கிலும் வந்திருக்காது.

கோபத்துக்கு உரிமை இருந்தது. யாரிடம் கேட்டு எழுதினோம் என்பதில்தான் பெரிய ஓட்டை. ஜிம்பாப்வே மக்களிடம் யாரும் முதலில் கேட்கவில்லை. செய்தி வெடித்தபோது அந்நாட்டு அமைச்சர் ஒருவரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் ‘எந்தச் சிங்கம்?’ என்று திருப்பிக் கேட்டார். அதை அறியாமை என்று எழுதினோம். ஆனால் அந்த ஊர் மக்களில் பெரும்பாலோர் செசில் என்ற பெயரையே அந்த வாரம்தான் கேள்விப்பட்டார்கள் என்று அங்கிருந்து வந்த செய்திகளே சொல்லின. அந்தப் பெயரும் அவர்கள் வைத்ததல்ல, அந்த நாட்டைக் காலனியாக்கிய செசில் ரோட்ஸின் பெயர். ஆகஸ்ட் தொடக்கத்தில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஜிம்பாப்வே ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். சிறுவயதில் தன் கிராமத்தைச் சுற்றி ஒரு சிங்கம் திரிந்தபோது எல்லோரும் வெளியே போகவே பயந்து கிடந்ததையும், அது கொல்லப்பட்ட அன்று ஊரே கொண்டாடியதையும் நினைவுகூர்ந்திருந்தார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு வாரம் முழுக்க வந்த ஆயிரக்கணக்கான செய்திகளில், சிங்கத்தோடு வாழ்ந்த ஒரு மனிதரின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அந்தக் கட்டுரையில்தான்.

இன்னொரு குரலும் கேட்கவில்லை, அது ஆய்வாளர்களுடையது. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘செசில் எப்படிப்பட்ட சிங்கம்’ என்பது அல்ல. பூங்காவுக்கு வெளியே ஆண்டுதோறும் எத்தனை சிங்கங்கள் இப்படிக் கொல்லப்படுகின்றன, அதனால் உள்ளே என்ன ஆகிறது என்பதுதான். ஹுவாங்கே 14 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பூங்கா. அதன் ஓர் எல்லையில் ரயில் பாதை போகிறது. வேலி கிடையாது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அந்தப் பக்கம் ஒதுக்கீடு இருந்தால் வேட்டைக்குரிய விலங்கு. சிங்கத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 1999 முதல் 2004 வரை ஆய்வாளர்கள் அடையாளமிட்ட 62 சிங்கங்களில் 34 இறந்தன. அந்த 34இல் 24 வேட்டைக்காரர்கள் சுட்டவை. சுடப்பட்டவற்றில் கணிசமானவை வளர்ந்த ஆண்கள். ஓர் ஆண் விழுந்தால் கணக்கு ஒன்றோடு நிற்காது. அந்தப் பரப்பைப் பிடிக்க வேறு ஆண்கள் வருகின்றன. வந்ததும் பழைய ஆணின் குட்டிகளைக் கொல்கின்றன. காலியான அந்த எல்லையோர இடத்துக்குப் பூங்காவின் உள்பகுதியில் இருந்தே புதிய ஆண்கள் நகர்கின்றன, அவையும் சுடப்படுகின்றன. வெளியே நடக்கிற வேட்டை உள்ளே இருக்கும் சிங்கங்களை இப்படித்தான் உறிஞ்சி இழுக்கிறது. இந்த ஆய்வுக்குப் பிறகு ஜிம்பாப்வே அரசு அந்தப் பகுதியில் 2005 முதல் 2008 வரை சிங்க வேட்டையை நிறுத்திவைத்தது. சிங்கங்கள் மீண்டன. செசில் வளர்ந்து பரப்பைப் பிடித்தது அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

அதாவது, ஒரு பகுதியில் ஒதுக்கீட்டைக் குறைத்தால், ஆறு வயதுக்குக் குறைந்த ஆண்களைச் சுடக்கூடாது என்று கண்டிப்பாக வைத்தால், சிங்கங்கள் பிழைக்கின்றன என்பதற்கு அங்கேயே ஆதாரம் இருந்தது. வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பதில் நிபுணர்களே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். கென்யா 1977இலேயே தடை செய்துவிட்டது, அப்படியும் அங்கே வனவிலங்குகள் வெகுவாகக் குறைந்தன. போட்ஸ்வானா 2014இல் தடுத்துப் பார்த்துவிட்டு 2019இல் தடையை நீக்கியது. ஜிம்பாப்வேயின் கேம்ப்ஃபயர் திட்டம் வேட்டை வருமானத்தில் ஒரு பங்கைக் கிராமங்களுக்குக் கொடுக்க 1980களின் இறுதியில் தொடங்கியது. கடைசிக் குடும்பம்வரை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. சிங்கங்களின் எண்ணிக்கை குறைய முதல் காரணங்கள் வாழிடம் சுருங்குவதும், இரை விலங்குகள் கண்ணிகளில் அழிவதும், கால்நடையை இழந்தவர்கள் பதிலுக்குக் கொல்வதும்தான் என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் சரி என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்களின் தொலைபேசி எண் அன்று எல்லா ஏஜென்சிகளிடமும் இருந்தது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

கோபத்தால் நடந்தவை என்று சொல்லப்படுவதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் விமான நிறுவனங்கள் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வேட்டையாடப்பட்ட சிங்கம், யானை போன்றவற்றின் தலை, தோல் போன்ற நினைவுப் பொருட்களை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தன. அதற்கும் கோபத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையானது. நவம்பரில் பிரான்ஸ் சிங்கத் தலைகளின் இறக்குமதியை நிறுத்தியதிலும் அந்தத் தாக்கம் தெரிந்தது. ஆனால் அமெரிக்கா அந்த டிசம்பரில் ஆப்பிரிக்கச் சிங்கங்களைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்ததை ‘செசிலின் வெற்றி’ என்று எழுதியது சரியில்லை. அதற்கான மனு 2011இலேயே கொடுக்கப்பட்டது. வரைவு 2014இல் வெளிவந்துவிட்டது. ஜூலை 30இல் ஐநா பொதுச்சபை நிறைவேற்றிய வனவிலங்குக் கடத்தல் தீர்மானமும் அப்படியே, அதற்கான வேலை வெகு முன்பே நடந்துகொண்டிருந்தது. அந்த மனுக்களை ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. அவர் குற்றவாளி என்று எழுதியது அநியாயம், ஏனென்றால் அது தெரியாது. அவர் செய்ததை வெறுத்தது அநியாயம் அல்ல. அந்த வெறுப்புக்குத் தீனியாகத் தவறான மணிக்கணக்கையும், வேறொரு சிங்கத்தின் படத்தையும், இல்லாத ஒரு தம்பியையும் கொடுத்தது எங்கள் தவறு. அதில் மருத்துவருக்கு இழைத்தது ஒரு பங்கு என்றால், அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் இருக்கிற சிங்கங்களுக்கும் மனிதர்களுக்கும் இழைத்தது அதைவிடப் பெரிது. அவர்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விக்கு உலகமே காது கொடுத்த ஒரு வாரம் கிடைத்தது. அந்த வாரத்தை ஒரு மனிதரின் முகத்துக்குச் செலவழித்தோம்.

2017 ஜூலையிலும் நான் அதே டெஸ்க்கில்தான் இருந்தேன். செசிலின் மகன் ஸாண்டா, ஆறு வயது ஆண் சிங்கம், பூங்கா எல்லைக்கு வெளியே சுடப்பட்டது என்று செய்தி வந்தது. அதற்கும் கழுத்துப் பட்டை இருந்தது, குட்டிகள் இருந்தன. வேட்டை சட்டப்படி நடந்தது, வழிகாட்டியே பட்டையை ஆய்வாளர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேட்டையாடியவரின் பெயர் வெளியாகவில்லை. இந்த முறை தண்டவாளம், ஒதுக்கீடு, வயது வரம்பு எல்லாவற்றையும் சேர்த்து அரைப்பக்கம் எழுதிக்கொண்டு போனேன். இரவுப் பொறுப்பாசிரியர் படித்துவிட்டு, ‘சுட்டது யாரு, அந்தப் பல் டாக்டரா?’ என்று கேட்டார். இல்லை சார், யாரென்று தெரியவில்லை என்றேன். ஐந்து வரியாகச் சுருக்கி உள்பக்கத்தில் போடச் சொன்னார். போட்டேன்.